மால் செக்யூரிட்டி ஹீரோவா வர்ற இங்கிலீஷ் காமெடி படம்: அப்பாவை உக்கார வெச்சுப் பாக்கலாமா?

அம்பத்தூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி ஒரு வரிதான், ஆனா பின்கதை சொல்லலைன்னா புரியாது. பொறுத்துக்கோங்க.

எங்கப்பாவுக்கு 61 வயசு. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டிக்கிட்டு இருந்தவர். கம்பெனியை மூடினதும் ரெண்டு மாசம் வீட்ல பேப்பர் படிச்சார். மூணாவது மாசம் ஒருநாள் காலைல நீலச் சட்டை, தொப்பி, தோள்ல விசில் கயிறுன்னு வந்து நின்னார். அம்மா சிரிச்சுட்டாங்க. அவர் சிரிக்கல. அதுல இருந்து ஒன்பது வருஷமா ஒரு மால்ல செக்யூரிட்டி. பன்னெண்டு மணி நேர டூட்டி. பாதி நாள் பார்க்கிங் கேட், மீதி நாள் உள்ள ரவுண்ட்ஸ். சனி ஞாயிறு லீவு கேட்டா சூப்பர்வைசர் முறைப்பார்ங்கறதால அவருக்கு ஆஃப் செவ்வாய்க்கிழமைதான். அதனால எங்க வீட்டுக்கே செவ்வாய்தான் ஞாயிறு. அன்னைக்குத்தான் கறி எடுப்போம், அன்னைக்கு ராத்திரிதான் எல்லாரும் தரைல பாய் விரிச்சு படம் பாப்போம். என் பையனுக்கு எட்டு வயசு, தங்கச்சி பொண்ணுக்கு அஞ்சு. ரெண்டும் யாராவது வழுக்கி விழுந்தாத்தான் படம்னு ஒத்துக்கும்.

போன மாசம் ஒரு தமிழ் காமெடி படம் போட்டோம். பேர் வேணாம். அதுல ஒரு வாட்ச்மேன் வர்றார். தூங்குறார், அறை வாங்குறார், எந்திரிச்சு சல்யூட் அடிக்கிறார், மறுபடி அறை வாங்குறார். பிள்ளைங்க உருண்டு உருண்டு சிரிச்சுதுங்க. அப்பா தண்ணி குடிச்சுட்டு வரேன்னு எழுந்து போனார். படம் முடியற வரைக்கும் திரும்பி வரல. போய்ப் பாத்தா மொட்டை மாடில நிக்கிறார். "புழுக்கமா இருந்துச்சும்மா"ன்னார். மார்கழி மாசத்துல என்ன புழுக்கம்?

இப்ப தங்கச்சி வீட்டுக்காரர் 'பால் பிளார்ட்: மால் காப்'னு ஒரு இங்கிலீஷ் படத்தைச் சொல்றார். "மால்ல செக்யூரிட்டிதான் ஹீரோ, மாமா ரசிப்பார்"ங்கறார். எதுக்கும் நாம முதல்ல பாத்துருவோம்னு நேத்து சென்ட்ரல் போற ரயில்ல மொபைல்ல ஒரு இருபது நிமிஷம் பாத்தேன். ஹீரோ குண்டா, மீசை வெச்சுக்கிட்டு, நல்ல மனுஷனா இருக்கார். போலீஸ் பரீட்சைக்கு ஓடுறார், எல்லாத்தையும் தாண்டுறார், கோட்டைத் தொடப்போற நேரத்துல மயங்கிக் கீழ விழறார். அப்புறம் மால். எலக்ட்ரிக் வண்டில வேகமாப் போற ஒரு தாத்தாவுக்கு சலான் எழுதப் போய், அந்த வண்டியே இவரை இழுத்துக்கிட்டுப் போகுது. அடுத்து ரெண்டு பொம்பளைங்க சண்டையை விலக்கப் போய் செம அடி. நான் வில்லிவாக்கம் வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். அதுக்கப்புறம்தான் உறைச்சுது, நான் யாரைப் பாத்து சிரிக்கிறேன்னு. எங்கப்பாவும் ஒரு தடவை பார்க்கிங்ல ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி கைகாட்டப் போய் முழங்கை பேந்து வந்தார். வீட்ல "படில தடுக்கிருச்சு"ன்னு சொல்லிட்டார். உண்மை எங்களுக்குத் தெரியவந்தது ஆறு மாசம் கழிச்சு.

முழுசாப் பாத்தவங்க சொல்லுங்க. கடைசி வரைக்கும் இந்த மனுஷனை அடிச்சுக்கிட்டேதான் இருப்பாங்களா? அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், நான் பக்கத்துல உக்காந்து சொல்லுவேன். செவ்வாய்க்குள்ள பதில் வந்தா நல்லது.

---

பாப்கார்ன் பெரியப்பா:

தாராளமாப் போடும்மா. 2009 ஜனவரில வந்த படம், ஒன்றரை மணி நேரம்தான். முத்தக் காட்சி, கெட்ட வார்த்தைன்னு முகம் திருப்பிக்கிற மாதிரி பெருசா எதுவும் கிடையாது. அமெரிக்காவுல இதுக்கு பிஜி சான்றிதழ், அதாவது பெத்தவங்க பக்கத்துல இருந்தா பிள்ளைங்க பாக்கலாம். துப்பாக்கி வருது, ஆனா ரத்தம் கித்தம் இல்ல. ஒரு உள்ளாடைக் கடைல சண்டை வருதே, அதைத்தான் நீ பாத்துட்டியே. நடுவுல ஒரு பார் காட்சில ஹீரோ தெரியாம சரக்கைக் குடிச்சுட்டு அலம்பல் பண்ணுவார். அங்க மட்டும் உங்கம்மாவை தோசை ஊத்த அனுப்பிரு.

முக்கியமான எச்சரிக்கை ஒண்ணு. அதே 2009-ல, மூணே மாசம் கழிச்சு 'அப்சர்வ் அண்ட் ரிப்போர்ட்'னு இன்னொரு படம் வந்துச்சு. அதுலயும் மால் செக்யூரிட்டிதான் ஹீரோ, அவரும் குண்டுதான். "மால் செக்யூரிட்டி காமெடி"ன்னு தேடினா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். அது பெரியவங்களுக்கான படம், குழந்தைங்களோட பாக்கவே முடியாது. எங்க வீட்ல மருமகன் மாத்திப் போட்டு நான் ரிமோட்டைத் தேடின கதை தனியா இருக்கு. போஸ்டர்ல செக்வேன்னு நின்னுக்கிட்டே ஓட்டுற ரெண்டு சக்கர வண்டி மேல நிக்கிறவர்தான் நம்மாளு. நடிகர் பேர் கெவின் ஜேம்ஸ்.

---

நைட் ரவுண்ட்ஸ்:

சிஸ்டர், நான் உங்கப்பா பார்க்கிற வேலையிலதான் இருக்கேன். பதினாலு வருஷம். இப்ப சைட் சூப்பர்வைசர். சனி ஞாயிறு லீவு கேட்டா முறைக்கிற ஆள் நான்தான், மன்னிச்சுக்கோங்க.

அந்தப் படத்தை நாங்க கன்ட்ரோல் ரூம்ல, சிசிடிவிக்குப் பக்கத்து கம்ப்யூட்டர்ல, நாலு பேர் சேர்ந்து பாத்தோம் (எங்களை மேற்பார்வை பண்ற ஃபீல்டு ஆபீசர் யாராவது இதைப் படிச்சா, அது டூட்டி முடிஞ்ச பிறகு). முதல் அரைமணி நேரம் எங்களுக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. வர்றவன் போறவன்லாம் அந்த ஆளை மதிக்கவே மாட்டான். ஆனா அது பொய்யில்லையே? எங்களை எத்தனை பேர் "யோவ்"னு கூப்பிடுறான். பையைத் திறந்து காட்டச் சொன்னா "நான் யார் தெரியுமா"ங்கறான். அது தெரியாமத்தானே சார் பையைப் பாக்குறோம்.

படத்துல சரியாக் காட்டியிருக்கிற விஷயம், அவருக்கு அதிகாரமே கிடையாது. துப்பாக்கி இல்ல. கைது பண்ண போலீஸுக்கு இருக்கிற உரிமை இல்ல. இங்கயும் அதேதான். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்குன்னு 2005-ல ஒரு சட்டம் வந்துச்சு. அதுப்படி நாங்க போலீஸ், ராணுவம் மாதிரி தெரியற உடுப்பு போட்டா தண்டனை. புதுசா சேர்றவனுக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி கொடுக்கணும்னு மாதிரி விதிகள்ல இருக்கு. எத்தனை இடத்துல கொடுக்குறாங்கன்னு உங்கப்பாவைக் கேளுங்க, சிரிப்பார். கண்ணு முன்னால ஒருத்தன் பெரிய குத்தம் பண்ணினா எந்தக் குடிமகனும் பிடிச்சு வைக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். அந்த உரிமை உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. சட்டை நீலமா இருக்கறதால அதுக்கு மேல ஒரு அங்குலம்கூட கிடையாது.

இப்படி ஒண்ணுமே இல்லாத ஆளை உள்ள விட்டுட்டு, மால் முழுசையும் ஒரு திருட்டுக் கூட்டம் பிடிச்சுக்குது. நவம்பர்ல அவங்களுக்கு நன்றி நாள்னு ஒரு பண்டிகை, அதுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை எல்லாக் கடையிலயும் தள்ளுபடி, கூட்டம் அம்மும். நம்ம தி.நகர்ல தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மாதிரி வெச்சுக்கோங்க. அன்னைக்குப் பாத்து இந்த மனுஷன் கேம் கடையில கிதார் வாசிக்கிற விளையாட்டுல மெய்மறந்து நிக்கிறார். எல்லாரையும் வெளிய துரத்தினதே அவருக்குத் தெரியல. எங்க பசங்க இந்த இடத்துலதான் ரொம்பச் சிரிச்சாங்க. "காவல் நிக்க வேண்டிய பாயிண்ட்டை விட்டுப் போனா இப்படித்தான்"னு ஒருத்தன் சொன்னான்.

சிஸ்டர், அங்க இருந்து படத்தோட நிறமே மாறிரும். அந்தப் பசங்க ஸ்கேட்போர்டு, சைக்கிள்னு சுவத்துலயே ஏறி ஓடுறவனுங்க. இவரால ஓட முடியாது. ஆனா எந்தக் கதவு எங்க போகும், எந்தக் கடைக்குப் பின்னால சர்வீஸ் வழி இருக்கு, எந்தக் கடைல என்ன சாமான் இருக்குன்னு பத்து வருஷம் ரவுண்ட்ஸ் போன காலுக்குத் தெரியும். அதை வெச்சே ஒவ்வொருத்தனா மடக்குவார். பாத்துட்டு நான் என் மாலை மனசுக்குள்ள ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். ஹவுஸ்கீப்பிங் லிஃப்ட், மூணாவது மாடி ஃபுட் கோர்ட்டுக்குப் பின்னாடி குப்பை இறக்குற வழி, எப்பவும் பூட்டு சரியா விழாத அந்த ஃபயர் டோர். எனக்கும் தெரியுது!

ஒரே ஒரு வயித்தெரிச்சல், அந்த செக்வே. நின்னுக்கிட்டே முன்னால சாஞ்சா ஓடுது. எங்களுக்கு உக்கார ஸ்டூல் வாங்கறதுக்கே தமிழ்நாட்டுல 2021-ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்துச்சு. ஸ்டூல் வந்துச்சான்னு அடுத்த கேள்வி கேக்காதீங்க.

---

சறுக்கு மரம்:

நான் பழைய ஊமைப் படங்களைத் தேடித் தேடிப் பாக்குற கிறுக்கன், அந்தக் கோணத்துல கொஞ்சம் சொல்றேன். நீளமாப் போனா தாண்டிப் போயிருங்க.

ஆங்கிலத்துல இந்த வகைக்கு 'ஸ்லாப்ஸ்டிக்'னு பேர். பேரே ஒரு கட்டையில இருந்து வந்ததுதான். பழைய இத்தாலிய நாடகங்கள்ல ரெண்டு மரப்பட்டையைச் சேர்த்துக் கட்டி வெச்சிருப்பாங்க. முதுகுல தட்டினா வலிக்காது, ஆனா ‘பட்டீர்’னு சத்தம் வரும். மொத்தக் கலையும் அதுலயே இருக்கு. சத்தம் பெருசா இருக்கணும், வலி சின்னதா இருக்கணும். உங்கப்பா மாடிக்குப் போனாரே, அந்தப் படத்துல அது தலைகீழா இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

1912-ல மேக் சென்னெட் ஆரம்பிச்ச கீஸ்டோன் ஸ்டூடியோல போலீஸ்காரங்க கூட்டமா ஓடி வந்து ஒருத்தர் மேல ஒருத்தர் விழற படங்களா எடுத்துத் தள்ளினாங்க. ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. ஏன்? தெருவுல லத்தி வெச்சிருக்கிறவன் திரையில விழறான். மேல இருக்கிறவனைப் பாத்து கீழ இருக்கிறவன் சிரிக்கிறான். ஆனா வாட்ச்மேன் கைல லத்தி இருந்தாலும் அதிகாரம் இல்ல. அவனை அறைஞ்சு சிரிச்சா அது ஏற்கனவே கீழ கிடக்கிறவனை மிதிச்ச மாதிரி. தமிழ் சினிமால கூர்க்கா விசில் அடிச்சு அடி வாங்குறது, வாட்ச்மேன் தூங்கி வழியறதுன்னு வருஷக்கணக்கா நமக்கு இந்த வித்தியாசமே உறைக்கல.

மால் காப் படம் இந்த விஷயத்துல பாதி தப்பு, பாதி சரி. முதல் பாதில அவரோட உடம்பைப் பாத்துச் சிரிக்கச் சொல்லுது. 'பை' (pie)ங்கற இனிப்புப் பலகாரத்தைச் சாப்பிடும்போது அது மேல நிலக்கடலை வெண்ணெயை அப்பிக்கிற காட்சி ஒண்ணு வரும். எனக்குப் பிடிக்கல. ஆனா கெவின் ஜேம்ஸ் அந்த செக்வே மேல நிக்கிற விதத்தைக் கவனிங்க. சுத்தறது, வளையறது, நிறுத்தறது எல்லாத்துலயும் ஒரு நடனக்காரனோட நளினம் இருக்கு. கனத்த உடம்பு லேசா மிதக்குதுங்கறதுதான் அங்க ஹாஸ்யம். இது நூறு வருஷப் பழைய வித்தை. ராஸ்கோ ஆர்பக்கிள்னு ஒரு ஊமைப்பட நடிகர், பெரிய உடம்பு, பூனை மாதிரி குதிப்பார். பஸ்டர் கீட்டன் 1917-ல சினிமாவுக்குள்ள வந்ததே அவர் கூடத்தான்.

கீட்டன்னு சொன்னதும் இன்னொண்ணு. ராணுவம் வேணாம்னு தள்ளிவிட்ட ரயில் எஞ்சின் டிரைவர் ஒருத்தன், கடத்திட்டுப் போன தன் எஞ்சினை ஒத்தையாளா விரட்டிட்டுப் போற படம் அவர் எடுத்தது, 'தி ஜெனரல்', 1926. மால் காப்புக்கும் அதுக்கும் எலும்புக்கூடு ஒண்ணுதான். உடுப்புக்கு லாயக்கில்லைன்னு சொல்லப்பட்ட ஆள், தான் தினமும் தொட்டுத் துடைக்கிற பொருளைப் பத்தித் தெரிஞ்சு வெச்சிருக்கிறதாலயே ஜெயிக்கிறான். மால் காப் எடுத்தவங்க மனசுல இருந்தது அது இல்லதான், உயரமான கட்டடத்துல ஒத்தை போலீஸ்காரன் மாட்டிக்கிற 'டை ஹார்ட்'. ஏசி குழாய்க்குள்ள ஊர்ந்து போறது வரைக்கும் அதோட கிண்டல்.

விமர்சகர்கள் இதைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. செலவு 2.6 கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் 18 கோடி டாலருக்கு மேல. கதை நடக்கிறது நியூஜெர்சில, ஆனா படம் பிடிச்சது மாசசூசெட்ஸ்ல பர்லிங்டன் மால்ல. செட் போடாம நிஜ மால்ல எடுத்ததாலதான் நைட் ரவுண்ட்ஸ் அண்ணனுக்கு அவரோட ஃபயர் டோர் ஞாபகம் வந்துச்சோ என்னவோ.

தமிழ்லயே வேணும்னா 2019-ல சாம் ஆண்டன் இயக்கத்துல யோகி பாபு நடிச்ச 'கூர்க்கா' இருக்கு. போலீஸ் ஆக முடியாதவன், மால் செக்யூரிட்டி, உள்ள பணயக்கைதிகள்னு சட்டகம் அப்படியே தெரியும். ஆனா உங்க வீட்டுக்கு நான் இங்கிலீஷ் படத்தைத்தான் சொல்லுவேன். யோகி பாபு தலைமுடியையும் முகத்தையும் வெச்சுப் பண்ற கிண்டல் எனக்கு அலுத்துப்போச்சு.

---

வார்டு நம்பர் ஆறு:

நான் நர்ஸ். படத்தைப் பத்தி இல்ல, அந்த மயக்கத்தைப் பத்தி. அவருக்கு இருக்கறது ஹைப்போகிளைசீமியா, ரத்தத்துல சர்க்கரை திடீர்னு இறங்கறது. நாம "லோ சுகர்"னு சொல்றது. படத்துல அது காமெடி, பொத்துனு விழுந்து குறட்டை விடுவார். நிஜத்துல முதல்ல வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க பன்னெண்டு மணி நேரம் நின்னு, சாப்பாட்டை லேட் பண்ணினா இது வரும். உங்கப்பாவுக்கு சுகர் இருக்கா? இருந்து, இப்படி வேர்த்து நடுங்கினா, மூணு டீஸ்பூன் சர்க்கரை கரைச்ச தண்ணி குடிச்சுட்டு, 15 நிமிஷம் கழிச்சு சுகரை மறுபடி பாக்கணும். படத்துல கீழே கிடக்கிற குச்சி மிட்டாயை எடுத்து நக்கினதும் எழுந்து சண்டைக்குப் போவார். அவ்வளவு சீக்கிரம் ஏறாது. நினைவில்லாம கிடந்தா வாயில எதையும் ஊத்தக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான்.

கீழே கிடந்த மிட்டாயை எடுக்காதீங்கன்னு பிள்ளைங்ககிட்ட தனியாச் சொல்லிடுங்க.

---

அம்பத்தூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அப்பாவுக்கு சுகர் இருக்கு. எட்டு வருஷமா மாத்திரை. சட்டைப் பைல எப்பவும் ரெண்டு கடலை மிட்டாய் வெச்சிருப்பார். இத்தனை நாள் அது பேரன் பேத்திக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். செவ்வாய்க்கிழமை படத்தைப் போட்டுட்டு வந்து சொல்றேன்.

---

அம்பத்தூர்க்காரி:

போட்டாச்சு. வரிசையாச் சொல்ல வராது, ஞாபகம் வர்றபடி எழுதுறேன்.

ஹீரோ ஓட்டப் பரீட்சைல விழுந்ததும் பிள்ளைங்க சிரிச்சுதுங்க. நான் அப்பா முகத்தைப் பாத்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காம, "காலைல சாப்பிடாம வந்திருப்பான்"னார். அவ்வளவுதான். பெரியப்பா சொன்ன பார் காட்சிக்கு அம்மாவை அடுப்படிக்கு அனுப்பினேன், அவங்க வாசப்படில நின்னு எல்லாத்தையும் பாத்துட்டாங்க.

அந்தத் தாத்தா வண்டி இழுத்துட்டுப் போற இடத்துல நான் ஃபார்வர்டு பண்ணப் போனேன். அப்பா கையைத் தட்டிவிட்டார். முழுசாப் பாத்தார். பாத்துட்டு சிரிச்சார் பாருங்க, அம்மாவே திரும்பிப் பாத்தாங்க. "அந்த ஸ்கூட்டர்காரன் என்னையும் இப்படித்தான் இழுத்தான், பேஸ்மென்ட் ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும்"னு அவரே சொல்லிட்டார். எழுந்து நின்னு எப்படி இழுத்துட்டுப் போனான்னு ஹால்ல நடிச்சே காமிச்சார். ஒரு கையால சுவரைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால இல்லாத ஸ்கூட்டரைப் பிடிச்சுக்கிட்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு. பையனுக்கு படத்தைவிட அது பிடிச்சுப்போய் ரெண்டு தடவை திரும்பச் செய்யச் சொன்னான். அப்பா செஞ்சார். நான் சிரிக்கறதா என்னன்னு தெரியாம உக்காந்திருந்தேன். படி, தடுக்கல், எல்லாம் போச்சு.

திருடங்க வந்தப்புறம் அவர் எங்க வீட்டு அப்பாவே இல்ல. சைட் சூப்பர்வைசர். "புது ஆளை வெரிஃபிகேஷன் இல்லாம எப்படிச் சேர்த்தான்?" (அந்த ட்ரெயினிதான் வில்லன்னு தெரியறதுக்கு முன்னாலயே சொன்னார்.) "மெட்டீரியல் உள்ள வந்தப்ப கேட்ல யாரு இருந்தா?" "கன்ட்ரோல் ரூம்ல ஒருத்தன்கூட இல்லையா?" கிறிஸ்துமஸ் தாத்தா கூட்டத்தோட ஆளுங்கன்னு சொல்லி அந்தக் கூட்டம் உள்ள வந்த இடத்துல தொடையில தட்டினார். "பாஸ் இருக்கான்னு கேட்டானா? கேக்கல! முடிஞ்சுது கதை!" நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே வரல. என்ன பேசுறாங்கன்னு தெரியாமலே எல்லாம் புரிஞ்சுது அவருக்கு. புரியாத ஒரே விஷயம் அந்த கிரெடிட் கார்டு நம்பர் சமாச்சாரம். எனக்கும் புரியல, தாண்டிட்டோம்.

ஹீரோ பொண்ணு அப்பாவுக்கு சாப்பாடு எடுத்துக்கிட்டு மாலுக்கு வந்து மாட்டிக்கிற இடத்துல மட்டும் அமைதியாயிட்டார். நானும் ஒரு தடவை டிபன் பாக்ஸோட அவர் மாலுக்குப் போயிருக்கேன். உள்ள கூட்டிட்டுப் போகல, பார்க்கிங்லயே வாங்கிக்கிட்டு அனுப்பிட்டார். அன்னைக்கு எனக்குக் கோபம். ஒருவேளை அவருக்கு என்னைப் பாத்து வெக்கமோன்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை கேட்டேன். "வெக்கமா? அன்னைக்கு கஸ்டமர் ஒருத்தன் காலைல இருந்து கத்திக்கிட்டு இருந்தான். அவன் கத்தறதை நீ பாக்க வேணாம்னுதான்"னார். சொல்லிட்டு ரிமோட்டைக் கேட்டு சத்தத்தைக் கூட்டினார்.

சறுக்கு மரம் சொன்ன நளினத்தைக் கவனிச்சோம். அப்பா கவனிச்சது வேற, செக்வேயோட சார்ஜ். "இது எத்தனை மணி நேரம் நிக்கும்? ராத்திரி எந்த பிளக்ல போடுவான்?" லேத் ஓட்டினவர் இல்லையா.

நைட் ரவுண்ட்ஸ் அண்ணா, அப்பாகிட்ட இருந்து உங்களுக்கு ஒரு செய்தி இருக்கு. "கதவு, வழி எல்லாம் சரி. அந்த ஆளுக்கு கடைசி வரைக்கும் டூட்டி மாத்திவிட ரிலீவர் வரலையே, அதை அந்த சூப்பர்வைசர் கவனிச்சாரா?"ன்னு கேக்கச் சொன்னார். ஓ.டி. போடுவாங்களான்னும்.

கிளைமாக்ஸ் அவருக்கு ஒத்துக்கல. கடைசில போலீஸ்ல வேலை கொடுக்கிறாங்க, ஹீரோ வேணாம், எனக்கு மாலே போதும்னு சொல்லிடுறார்ல, அங்க எழுந்து உக்காந்துட்டார். "திருடன் பறந்தான், சுவத்துல ஓடினான், எல்லாத்தையும் நம்பினேன். பென்ஷன் இருக்கிற வேலையை எவன்டா வேணாம்பான்?"

---

நைட் ரவுண்ட்ஸ்:

அண்ணன்கிட்ட சொல்லிடுங்க சிஸ்டர், ரிலீவர் விஷயம் எனக்கு உறைக்கவே இல்ல. பசங்ககிட்ட படிச்சுக் காட்டினேன், நாலு பேரும் என்னையே பாக்கறானுங்க. ஓ.டி. பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பல.

---

பாப்கார்ன் பெரியப்பா:

சந்தோஷம்மா. ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். 2015-ல ரெண்டாம் பாகம் வந்துச்சு, லாஸ் வேகாஸ்ல நடக்கும். அதைப் போட்டுடாதே. முதல் படத்துல ஆசை ஆசையா செக்வே மேலயே கல்யாணம் பண்ணின பொண்ணு ஆறே நாள்ல விட்டுட்டுப் போயிருவா. அது போதாதுன்னு ஆரம்பத்துலயே ஹீரோவோட அம்மா பால் வண்டில அடிபட்டு செத்துருவாங்க. அதையும் ஜோக்குன்னு வெச்சிருக்கான் பாவி.

---

அம்பத்தூர்க்காரி:

பெரியப்பா, ஒருநாள் லேட். நேத்து சாயங்காலம் பையன் தேடிப் பிடிச்சு அதைப் போட்டுட்டான். அம்மா இன்னும் பால்காரர்கிட்ட பேசல.